தொலைபேசி வழியே வந்த அலறல்

2001 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு லேண்ட்லைன் அடித்தது. எடுத்தால், ஜெர்சி சிட்டியிலிருந்து என் பழைய விடுதி அறைத்தோழன். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. வழக்கமாக "டேய் மச்சான்" என்று ஆரம்பித்து ஊர்க்கதை முழுக்கக் கேட்பவன், அன்று "ஒண்ணும் பேசாத, கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை டிவி பக்கம் திருப்பிவிட்டான்.

முதலில் வெறும் இரைச்சல்தான். கடல் தாண்டி உடைந்து உடைந்து வரும் கூட்டத்தின் சத்தம். அதற்கு அடியில் ஆர்கன் ஒலி ஒன்று, உலைநீர் கொதிக்கிற மாதிரி விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டே விநாடியில் எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரம் இடித்தது. ஒரு நொடி விட்டு மறுபடி இடித்தது. பிறகு அந்த அலறல்.

காலிங் கார்டு தீர்ந்து லைன் அறுபடுவதற்கு முன்னால் நான் கடைசியாகக் கேட்டது அவன் அழுகை. நான்கு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அவன் அழுது நான் கேட்டதே இல்லை.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடமாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நிகழ்ச்சியின் பெயர் 'தி கான்சர்ட் ஃபார் நியூயார்க் சிட்டி'. 2001 அக்டோபர் 20 அன்று மன்ஹாட்டனின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்தது. வி.எச்.1 சேனல் நேரடியாக ஒளிபரப்பியது. செப்டம்பர் 11 தாக்குதலில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக நிதி திரட்ட பால் மெக்கார்ட்னி முன்னின்று நடத்தினார். செப்டம்பர் 11 அன்று காலை அவர் நியூயார்க் விமான நிலையத்தில், புறப்படவிருந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகவே புகையைப் பார்த்தவர். அவருடைய அப்பா போர்க்காலத்தில் லிவர்பூலில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருந்தவர். அதனால் தீயணைப்பு வீரர்களுக்காக இறங்கி வேலை செய்வது அவருக்கு வீட்டுக் காரியம் மாதிரி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டேவிட் பௌவி, எரிக் கிளாப்டன், பில்லி ஜோயல், எல்டன் ஜான், மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் என்று பெரிய பெயர்களாகவே வந்து போனார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. 3.5 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் நானும் அவனும் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பப் பேசுவது 'தி ஹூ' குழு மேடையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான். நான்கே பாட்டு.

அந்த நான்கு பாட்டின் கனம் புரியவேண்டுமானால், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று முதலில் தெரியவேண்டும். நியூயார்க் தீயணைப்புத் துறையில் அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் 343 பேர். நகரக் காவல்துறையில் 23 பேர், துறைமுக ஆணையத்தின் காவல் பிரிவில் 37 பேர். அவர்களோடு வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஆயிரக்கணக்கில் அந்த அரங்கில் இருந்தார்கள். பலர் சீருடையிலேயே வந்திருந்தார்கள். கையில் போட்டோ. தன்னோடு ஒரே வண்டியில் போனவன், ஒரே நிலையத்தில் சாப்பிட்டவன், அண்ணன், தம்பி, அப்பா. கேமரா தங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தப் போட்டோவைத் தூக்கிக் காட்டினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த நேரத்தில் இடிபாடுகளில் நெருப்பு அணையவே இல்லை. டிசம்பர் வரை புகைந்துகொண்டிருந்தது. இறந்தவர்களில் பலரின் உடல் கிடைக்கவில்லை. பகலில் போய்த் தோண்டுவார்கள், அடுத்த நாள் ஒரு நினைவுச் சடங்குக்குப் போவார்கள், மறுபடி தோண்டப் போவார்கள். ஆறு வாரமாக அதுதான் அவர்கள் வாழ்க்கை. அழுவதற்கு நேரம் எங்கே இருந்தது?

இந்தக் கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 21 அன்று, இன்னொரு நிதி நிகழ்ச்சி அமெரிக்காவின் பெரிய சேனல்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் வந்தது. பார்வையாளர்களே கிடையாது. மேடை முழுக்க மெழுகுவத்தி. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அடங்கிய குரலில் தொடங்கிவைக்க, ஒவ்வொருவராக வந்து பாடினார்கள். கைதட்டல்கூட இல்லை. நாடே வாயடைத்துக் கிடந்த பத்தாவது நாள் அது. அன்றைக்கு அந்த அமைதி சரியாகத்தான் இருந்தது. அதையும் என் நண்பன் பார்த்தான். "பாத்துட்டுப் போய்ப் படுத்தேன்டா, தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னான்.

அவன் நிலைமை அப்படி. ஹட்சன் ஆற்றுக்கு அந்தக் கரையில் கோபுரங்கள், இந்தக் கரையில் அவன் அலுவலகம். எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று பார்த்தவன். இறந்தவர்களில் அவனுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் தனக்கு அழ உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஆறு வாரம் வேலைக்குப் போனான், சமைத்தான், தூங்காமல் கிடந்தான்.

அக்டோபர் 20 இரவு அரங்கின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். நடிகர் ரிச்சர்ட் கியர் மேடைக்கு வந்து, இந்த வேதனையை வன்முறையாக மாற்றாமல் கருணையாக மாற்றவேண்டும் என்கிற பொருளில் பேசினார். கூட்டம் கூச்சல் போட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எழவு விழுந்த வீட்டில் வாசல்படி ஏறும்போதே புத்திமதி சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த மனிதர்களுக்கு அன்று இரவு அறிவுரை தேவைப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் தி ஹூ வந்தார்கள்.

இந்தக் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1964-இல் லண்டனில் உருவான குழு. ராஜர் டால்ட்ரி குரல், பீட் டவுன்ஷெண்ட் கிட்டார், ஜான் என்ட்விஸில் பேஸ் கிட்டார், கீத் மூன் டிரம்ஸ். மூன் 1978-இல் இறந்துபோனார். அன்று நியூயார்க்கில் டிரம்ஸ் வாசித்தவர் ஜாக் ஸ்டார்க்கி, பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாரின் மகன். உலகிலேயே அதிகச் சத்தமான கச்சேரி என்று 1976-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர்கள் இவர்கள். லண்டன் சார்ல்டன் மைதானத்தில் அளந்தபோது 126 டெசிபல் இருந்ததாம்.

அவர்களுக்கும் சாவு புதிதில்லை. 1979 டிசம்பரில் சின்சினாட்டியில் அவர்களுடைய கச்சேரிக்குக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 ரசிகர்கள் இறந்தார்கள். வாசலில் பிள்ளைகள் இறந்துகிடப்பது தெரியாமல் உள்ளே வாசித்து முடித்தவர்கள். அந்தப் பாரத்தை அதற்குப் பிறகு கச்சேரிக்குக் கச்சேரி சுமந்தவர்கள்.

என்னையும் அவனையும் தி ஹூ பைத்தியமாக்கியது விடுதியில் சீனியர் ஒருவர் கொடுத்த கேசட். 'ஹூஸ் நெக்ஸ்ட்', 1971 ஆல்பம். முதல் பாட்டின் பெயர் 'பாபா ஓ'ரைலி'. "இதென்னடா, பாபான்னு போட்டிருக்கு?" என்று விசாரித்தால், நம் மெஹர் பாபாதான். புனேயில் பிறந்தவர். 1925-இல் மௌனத்தைத் தொடங்கி 1969-இல் சமாதியாகும்வரை ஒரு வார்த்தை பேசாதவர். டவுன்ஷெண்ட் அவருடைய அடியார். ஓ'ரைலி என்பது டெரி ரைலி என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் பெயரிலிருந்து வந்தது. 44 வருடம் வாய் திறக்காத ஒருவரின் பெயரை, உலகத்திலேயே அதிகச் சத்தம் போட்ட குழு தன் பாட்டுக்கு வைத்திருக்கிறது. விடுதியில் அதை நினைத்து நினைத்து ஆச்சரியப்படுவோம். மௌனத்துக்கும் அலறலுக்கும் அவ்வளவு தூரம் கிடையாது என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது.

அந்த நான்கு பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் 'ஹூ ஆர் யூ'. இந்தப் பாட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. 1970-களின் பிற்பகுதியில் ஒரு நாள், பணம் பற்றிய நீண்ட வாக்குவாதம் முடிந்து, குடித்துவிட்டு, லண்டன் சோஹோ பகுதியில் ஒரு கடை வாசலிலேயே விழுந்து தூங்கிவிட்டார் டவுன்ஷெண்ட். காலையில் ரோந்து வந்த போலீஸ்காரர் எழுப்பி, ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, எழுந்து நடக்க முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார். பாட்டு தொடங்குவதே அந்தக் காட்சியில்தான். அந்தப் பாட்டை ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் முன்னால் பாடுகிறார்கள்! 'நீ யார்' என்ற கேள்வியை மேடை கேட்க, அரங்கம் அதே கேள்வியைத் திருப்பிக் கத்தியது. எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறு வாரமாகக் குனிந்து தோண்டிய ஆட்கள்.

இரண்டாவது 'பாபா ஓ'ரைலி'. அந்தத் தொடக்க ஒலியைக் கேட்டிருப்பீர்கள். பல பேர் அதை சிந்தசைசர் என்றே சொல்வார்கள். லோரி என்ற வீட்டு ஆர்கனில் இருந்த மரிம்பா விசை ஒன்றைப் பயன்படுத்தி டவுன்ஷெண்ட் உண்டாக்கியது அது. மழைத்துளி ஓட்டின்மேல் விழுகிற மாதிரி நிற்காமல் ஓடும். அதன்மேல் மூன்றே அடியில் பியானோ, பிறகு டிரம், பிறகு டால்ட்ரியின் குரல். பாதியில் எல்லாம் அடங்கி, டவுன்ஷெண்ட் தன் மெலிந்த குரலில், அழாதே என்று சொல்கிற மாதிரி ஒரு பகுதி வரும். அந்த இடத்தில் கேமரா கூட்டத்தைக் காட்டும். டிவிடியில் இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மூன்றாவது 'பிஹைண்ட் ப்ளூ ஐஸ்'. மெதுவாகத் தொடங்கி, நடுவில் வெடித்து, மறுபடி அடங்குகிற பாட்டு. தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று ஒருவன் தனியாகப் புலம்புவது. சீருடைக்குள் இருக்கும் ஆளும் அப்படித்தானே. ஊரே அவர்களை வீரர் என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக 'வோண்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்'. எனக்குத் தொலைபேசியில் வந்தது இதுதான். அரசியல் மாற்றம் என்ற பேச்சையே நம்பாத ஒருவனின் கோபத்தில் பிறந்த பாட்டு. பாட்டின் கடைசிப் பகுதியில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கிட்டார் இல்லை, குரல் இல்லை, டிரம் இல்லை. ஆர்கன் மட்டும் தனியாகத் துடிக்கும். அரங்கம் முழுக்கக் காத்துக்கிடக்கும். காத்திருக்கக் காத்திருக்க நெஞ்சுக்குள் ஏதோ முட்டிக்கொண்டு வரும். டிரம் ஒரு தடவை சரியும், மறுபடி சரியும். டவுன்ஷெண்டின் கை காற்றாலை மாதிரி முழு வட்டம் சுற்றிக் கம்பிகளில் வந்து விழும். அந்தக் கணத்தில் டால்ட்ரி அலறுவார். அதில் வார்த்தை எதுவும் கிடையாது. 57 வயது மனிதர் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் போட்ட சத்தம்.

அந்த அலறலோடு அரங்கமும் அலறியது. அந்தக் கூட்டத்தில் யாருடைய சத்தம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜெர்சி சிட்டியில், நான்கு பேர் வாடகைக்கு இருந்த ஒரு அப்பார்ட்மெண்டில், எனக்கு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அந்த இடத்தில்தான் உடைந்தான்.

இந்தச் சத்தமான நால்வரில் ஒருவர் மட்டும் அன்றும் அசையாமல் நின்றார். ஜான் என்ட்விஸில். எப்போதும் அப்படித்தான். மற்றவர்கள் குதிப்பார்கள், சுழற்றுவார்கள். அவர் விரல் மட்டும் ஓடும். அமெரிக்க மண்ணில் தி ஹூவோடு அவர் வாசித்த கடைசிக் கச்சேரி அதுவாகிவிட்டது. 2002 ஜூன் 27 அன்று, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் இறந்துபோனார். சாவு வீட்டுக்கு வந்து தோள் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அடுத்த வருடம் இல்லை. அதனால் இப்போது அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அவருக்கும் சேர்த்துத்தான் துக்கம்.

ரசிகர்கள் கூடினால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். தொலைக்காட்சியில் வந்த நிதிக் கச்சேரிகளில் எது உச்சம்? பெரும்பாலானவர்கள் 1985-இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டில் குவீன் குழு வாசித்ததைச் சொல்வார்கள். அதன் பெருமையை நான் குறைக்கமாட்டேன். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஒரு மைதானத்தையே கைக்குள் வைத்திருந்தார். அதே லைவ் எய்டில் தி ஹூவும் வாசித்தார்கள். பாதிப் பாட்டில் ஒளிபரப்பே அறுந்துபோனது. பதினாறு வருடம் கழித்து நியூயார்க்கில் அறுபடாமல் போய்ச் சேர்ந்தது. என் கட்சி இதுதான்: லைவ் எய்டில் கொடுப்பவர்கள் அரங்கில் இருந்தார்கள், பசித்தவர்கள் வேறு கண்டத்தில் இருந்தார்கள். நியூயார்க்கில் இழந்தவர்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணைப் பார்த்து வாசிக்கவேண்டியிருந்தது.

இதை நான் தலையால் புரிந்துகொண்டு எட்டு வருடம் கழித்துத்தான் உடம்பால் புரிந்துகொண்டேன்.

2009-இல் அப்பா இறந்தார். சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில். ஹாலில் ஐஸ் பெட்டி. வந்தவர்கள் மெதுவாக வந்து, மெதுவாக மாலை வைத்து, மெதுவாகப் போனார்கள். குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பசங்களுக்குப் பரீட்சை நடக்குது, கொஞ்சம் சத்தம் இல்லாமப் பாத்துக்குங்க" என்றார். தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

மதியத்துக்குமேல் உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா வந்து சேர்ந்தாள். லிஃப்டில் ஏறமாட்டாள், படியில்தான் வந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே குரல் எழுந்துவிட்டது. முந்தானை சரிய, முடி அவிழ, வாசலைத் தாண்டி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா பெண் பார்க்க வந்த நாளிலிருந்து எடுத்தாள். வெள்ளைச் சட்டை போட்டு வந்தது, வரப்பில் வழுக்கியது, தங்கச்சிக்கு முதன்முதலில் வாங்கிக் கொடுத்த புடவையின் நிறம். எல்லாவற்றையும் ராகம் போட்டு இழுத்தாள். நடுவில் ஒப்பாரியை நிறுத்தி, அம்மாவின் தாடையைப் பிடித்து, "அழுதுருத்தா, அழுதுரு, உள்ள வச்சுக்கிட்டா ஆள அரிச்சிரும்" என்றாள். மறுபடி குரலை எடுத்தாள்.

அந்த இரண்டாவது இழுப்பில்தான் அம்மாவிடமிருந்து சத்தம் வந்தது. அழுகை என்று சொல்லமுடியாது. வார்த்தையில்லாத ஒரு அலறல்.

எனக்கு அந்தக் கணத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் லேண்ட்லைன் ரிசீவரும் நினைவுக்கு வந்தன. ஒப்பாரிக்காரி வந்து குரல் எடுத்துக் கொடுத்தால்தான் சிலருக்கு அழ வருகிறது. முதல் அலறலை யாராவது போடவேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் அதைச் செய்ய லண்டனிலிருந்து நால்வர் வந்தார்கள்.

போன அக்டோபரில் அம்மா என்னோடு இருந்தாள். வருடா வருடம் அந்தத் தேதியில் நானும் அவனும் இரண்டு ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் அந்தக் காட்சியைப் போட்டுவிட்டு, முடிந்ததும் போன் பேசுவது வழக்கம். ஹால் டிவியில் போட்டேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தப் பாட்டுக்காரர்களைத் தெரியாது. திரையில் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. சிரித்தபடி கை தூக்கி ஆடினார்கள். ஒருவர் நெஞ்சோடு ஒரு போட்டோவைப் பிடித்தபடி ஆடினார். அம்மாவின் கத்தி நின்றது.

"யாரு வீட்டு எழவுப்பா இது?" என்றாள்.

ஆர்கன் தனியாகத் துடிக்கிற இடம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று ரிமோட்டை எடுத்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"கொறைக்காத, இருக்கட்டும்."